வினாடிக்கு அறுபது படங்கள்

சனிக்கிழமை காலை ஐந்தே முக்கால் மணிக்குக் கிருஷ்ணகிரியில் பெங்களூர் செல்லும் அரசுப் பேருந்தில் ஏறினேன். தூரம் ஏறக்குறையத் தொண்ணூறு கிலோமீட்டர்; சீட்டு நூற்றுப் பத்து ரூபாய். சூளகிரியைத் தாண்டும்போதே தூறல் தொடங்கிவிட்டது.

பயணத்தின் காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் தம்பி சாமுவேல் பொம்மனஹள்ளியில் ஓர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளனாக இருந்தான். கொரோனாவின் இரண்டாம் அலையில் இறந்தான். உடலைப் பார்க்க எங்களில் எவரையும் விடவில்லை. பேகூர்ப் பக்கம் ஓர் ஏரிக்கரைக் கல்லறைத் தோட்டத்தில் கவச உடையணிந்த இருவர் அவனை அடக்கம் செய்து, அவன் மனைவி எஸ்தரின் கைப்பேசிக்கு ஒரு புகைப்படம் அனுப்பினார்கள். சிவந்த மண், அதில் நட்ட இரும்புக் கம்பி, கம்பியில் கட்டிய நீலத் தகரம், தகரத்தில் வெள்ளை எழுத்தில் அவன் பெயர். அக்கம்பக்கம் எதுவும் அந்தப் படத்தில் இல்லை. பின்னர் எஸ்தர் ஒருமுறை நேரில் போனாள். ஒரே மாதிரியான தகரங்கள் புதருக்குள் வரிசை வரிசையாக மறைந்து கிடந்தன. வாசலில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டுத் திரும்பினாள்.

இப்போது ஏரிக் கால்வாயை அகலப்படுத்துவதற்காக அந்தத் தோட்டத்தை எடுக்கிறார்கள். புதரை வெட்டியாகிவிட்டது. திங்கட்கிழமை இயந்திரம் வரும். அதற்குள் குடும்பத்தார் அடையாளம் காட்டும் குழிகளை மட்டும் தனியே தோண்டி எலும்புகளை ஒப்படைப்பார்கள். ஏனையவை ஒரே பொதுக்குழிக்குப் போகும். ஆனால் மழையில் ஏரி நிரம்பித் தோட்டத்துக்குள் வந்துவிட்டது. திங்களன்று தண்ணீரை இறைத்துவிட்டே தோண்டுவார்களாம்; அதற்கு முன் காலால் நடந்து தேட வழியில்லை. டிரோன் பறக்கவிட்டுப் பெயரைக் கண்டுபிடிக்கலாம் என்று எஸ்தர்தான் யோசனை சொன்னாள். வழியனுப்பும்போது அவள் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: "பேரைக் கண்ணால பாத்துட்டு வாங்க மாமா. பாத்த மாதிரி இருந்துச்சுன்னு மட்டும் வந்து சொல்லாதீங்க."

எட்டே காலுக்கு சில்க் போர்டு சந்திப்பில் இறங்கினேன். டிரோன்காரர் இருக்கும் ஈஜிபுரா நான்கு கிலோமீட்டர் என்று விசாரித்து வைத்திருந்தேன். ஆட்டோக்காரர் நூற்றைம்பது கேட்டார்.

"நாலு கிலோமீட்டருக்கா?" என்றேன்.

"நாலு கிலோமீட்டருக்கு அறுபதுதான் யஜமான்ரே. மிச்சம் தொண்ணூறு சும்மா நிக்கறதுக்கு" என்றார். அவர் சொன்னது சரியாகவே இருந்தது. ஓடிய நேரத்தைவிட நின்ற நேரமே அதிகம்.

டிரோன் வைத்திருக்கும் பிரகாஷ், தருமபுரியிலிருந்து வந்த குடும்பத்தில் ஈஜிபுராவிலேயே பிறந்தவர். வயது முப்பதுக்குள் இருக்கும். கல்யாணங்களுக்குப் படம் எடுப்பது தொழில். மூன்றாவது மாடியில் ஒற்றை அறை, சுவரெல்லாம் மணமக்கள். தொம்மலூர்ப் பக்கமெல்லாம் பழைய விமான நிலையம் இருப்பதால் டிரோனை எடுக்கவே முடியாது என்றும், நாங்கள் போகும் இடத்துக்கு அனுமதி வாங்கிவிட்டதாகவும் சொன்னார். தேநீர் கொடுத்துவிட்டுத் தம் கருவியை விளக்கினார். வீடியோ என்பது வரிசையாக ஓடும் நிழற்படங்களே என்றும், வினாடிக்கு இருபத்துநான்கு, முப்பது, அறுபது என எத்தனை வேண்டுமானாலும் எடுக்கலாம் என்றும் அறிந்துகொண்டேன்.

"நமக்கு எது பொருந்தும்?" என்று கேட்டேன்.

"இருபத்துநாலுதான் அங்கிள். சினிமா மாதிரி வழுக்கிட்டுப் போகும். அறுபதுல எடுத்து அப்படியே ஓட்டினா சீரியல் மாதிரி ஆயிடும். ஸ்லோ மோஷன் வேணும்னாதான் அறுபது."

"எனக்கு வேண்டியது எழுத்து, தம்பி. தகரத்தில் இருக்கும் பெயர்."

"ஃபோர் கே அங்கிள் இது. பொண்ணு காதுல தோடு எத்தனை கல்லுன்னு எண்ணலாம். நீங்க கவலையே படாதீங்க."

நான் கவலைப்படுவதை நிறுத்தினேன். அவருடைய இருசக்கர வண்டியின் பின்னால், டிரோன் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு புறப்பட்டேன்.

பத்தே கால் மணி. பொம்மனஹள்ளியைக் கடந்து, பேகூர்ச் சாலையிலிருந்து கிளை பிரியும் ஒரு மண்பாதையின் முடிவில் அந்த இடம் இருந்தது. மூன்று பக்கமும் அடுக்குமாடிகள். அவற்றின் பால்கனிகளில் துணி காய்ந்துகொண்டிருந்தது. நான்காம் பக்கம் ஏரி. நடுவே சாக்கடை கலந்த கறுத்த நீர். அதன்மேல் அழுக்கு நுரை. நுரைக்கு மேலே, சாய்ந்தும் நிமிர்ந்தும், நீலத் தகரங்கள். எங்கள் ஊரில் ஏழையின் கல்லறைக்கும் ஒரு சிமெண்டுத் திண்டு உண்டு. அதில் பெயரை ஆணியாலாவது கீறி வைப்பார்கள். இங்கே இறந்தவருக்கும் மழைக்கும் இடையில் ஒரு முழத் தகரம் மட்டுமே நின்றது.

காவலாளி முனியப்பா சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வந்தார். வாயிற்படியில் கால் வைத்த என்னைக் கைநீட்டித் தடுத்தார்.

"பேடா யஜமான்ரே, உள்ள எறங்காதீங்க. போன வாரம் ஒருத்தன் பேச்சுக் கேக்காம எறங்கி இடுப்பு வரைக்கும் போயிட்டான். கீழ இருந்து யாரோ கால இழுத்தாங்கன்னு கத்தறான். நான் சொன்னேன், அவங்களுக்கே அங்க எடம் பத்தல, உன்னை எதுக்குடா இழுக்கப் போறாங்கன்னு."

பிரகாஷ் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

டிரோன் எழுந்து, தகரங்களுக்கு மேலே இரண்டு ஆள் உயரத்தில் வரிசை வரிசையாகச் சென்று திரும்பியது. பேட்டரி தீர்ந்து இறங்கியதும், முனியப்பாவின் தகரக் கொட்டகையில் மடிக்கணினியைத் திறந்தோம். அவ்வளவு அழகான காட்சியை நான் எதிர்பார்க்கவில்லை. படகில் அமர்ந்து பார்ப்பதுபோல் அந்தத் தோட்டம் மெல்ல நகர்ந்தது. நுரைகூட வெண்பஞ்சாகத் தெரிந்தது. மூன்றாம் வரிசையில் ஒரு தகரம் வந்தது. எஸ்தரின் புகைப்படத்தில் உள்ளதைப்போலவே அதன் வலது மூலை மடங்கியிருந்தது.

"நிறுத்துங்கள், தம்பி."

நிறுத்தினார். எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக ஓர் இழுப்பு மட்டுமே இருந்தது. முன்னும் பின்னும் ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்தார். எல்லாவற்றிலும் அதே இழுப்பு. அடுத்த தகரமும் அப்படியே. அதற்கடுத்ததும்.

"ஓடும்போது தெளிவா இருந்துச்சே" என்றார் முனியப்பா.

"தப்பு என்னோடது அங்கிள்" என்றார் பிரகாஷ். "கல்யாணத்துல யாரும் நிறுத்திப் பாக்க மாட்டாங்க. ஓடறதைத்தான் பாப்பாங்க. கை அந்தப் பழக்கத்துலயே போயிடுச்சு."

அவர் விளக்கியதை நான் புரிந்துகொண்ட அளவில் எழுதுகிறேன். வினாடிக்கு இருபத்துநான்கு படம் எடுக்கும்போது, ஒவ்வொரு படத்துக்கும் கருவியின் கண் சற்று நீண்ட நேரம் திறந்திருக்கும்படி இவர்கள் வைக்கிறார்கள்; வெளிச்சம் மிகாதிருக்கக் கறுப்புக் கண்ணாடி ஒன்றையும் மாட்டுகிறார்கள். அந்த இமைப்பொழுதுக்குள் டிரோன் ஒரு விரல் நீளம் நகர்ந்துவிடுகிறது. எழுத்தும் அவ்வளவு தூரம் தேய்ந்துவிடுகிறது. ஒரு படத்தின் தேய்மானம் அடுத்த படத்தோடு இழைவதால்தான் காட்சி வழுக்கிச் செல்கிறது. நான் வியந்து பார்த்த மென்மை, பெயர்களைத் தேய்த்துக் கிடைத்த மென்மை.

"ஒவ்வொன்றின் மேலும் நின்று புகைப்படம் எடுக்க முடியாதா?"

"இன்னும் ஒரு பேட்டரிதான் இருக்கு அங்கிள். இருபது நிமிஷம்கூட வராது. நின்னு நின்னு எடுத்தா ரெண்டு வரிசைதான் முடியும். அறுபதுல வெக்கறேன். கண்ணை ஒரு செகண்டுல ஆயிரத்துல ஒரு பங்கு நேரம்தான் தெறக்க விடுவேன். கண்ணாடியையும் கழட்டிடறேன். இருட்டா இருக்கறதால புள்ளி புள்ளியா வரும், பாக்க நல்லாவே இருக்காது. ஆனா நிறுத்தினா எழுத்து நிக்கும்."

வானம் மேலும் கறுத்தது. பதினொன்றரைக்கு டிரோன் இரண்டாம் முறை எழுந்தது. இம்முறை தாழ்வாகவும் மெதுவாகவும் சென்றது. கீழே நுரை விலகி விலகி மூடியது. மழை கனத்துப் பெய்யத் தொடங்கும்போது பிரகாஷ் அதைக் கையிலேயே பிடித்து இறக்கினார்.

இரண்டாம் காட்சியில் அழகு என்று எதுவும் இல்லை. சாக்கடை சாக்கடையாகத் தெரிந்தது. மணல் தூவியதுபோல் படமெங்கும் புள்ளிகள். ஆயினும் நிறுத்திய இடத்திலெல்லாம் எழுத்து நின்றது. மூலை மடங்கிய தகரத்துக்கு வந்தோம். அதில் ஒரு பெண்ணின் பெயர் இருந்தது. ஒவ்வொரு தகரமாக நிறுத்தினோம். பிரகாஷ் வாசித்தார், நான் இல்லையென்று தலையசைத்தேன். வண்ணம் உரிந்தவற்றிலும் ஓரிரு எழுத்து மிஞ்சியிருந்தது. அவையும் அவனுடையவை அல்ல. முதல் படத்தின் மங்கலில் எந்தத் தகரமும் என் தம்பியுடையதாக இருந்திருக்கக்கூடும். இந்தத் தெளிவில் அவை ஒவ்வொன்றாக அந்நியர்களுடையவை ஆயின.

கடைசி வரிசை முடிந்து டிரோன் திரும்பும் இடத்தில், மதில் மூலை ஒரு கணம் வந்து போனது. பிரகாஷின் கை தானாகவே நின்றது. தண்ணீர் அடித்துக்கொண்டுவந்த தகரங்கள் அங்கே ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்திருந்தன. மேலே கிடந்த, மூலை மடங்கிய ஒன்றில், தலைகீழாக, அவன் பெயர். ஓர் எழுத்தும் அழியவில்லை.

"கம்பி துருப்புடிச்சு அறுந்திருக்கும்" என்றார் முனியப்பா. "எந்தக் குழியிலருந்து வந்துச்சுன்னு யாரும் சொல்ல முடியாது. நான் சொன்னா அது பொய்."

மதிலின் வெளிப்பக்கமாகச் சென்று மூங்கிலில் கொக்கி கட்டி அதை எடுத்து, தம் சாக்காலேயே துடைத்து என் கையில் தந்தார்.

பிற்பகல் ஒன்றரைக்கு ஓசூர்ச் சாலையில் பிரகாஷ் என்னை இறக்கிவிட்டார். இரண்டு காட்சிகளையும் ஒரு பென் டிரைவில் போட்டிருந்தார். பேருந்து வரும்வரை தயங்கியபடி நின்றார்.

"அங்கிள், அந்த முதல் வீடியோவுக்கு மெதுவா ஒரு கீதம் சேத்துத் தரேன். ஆன்ட்டிகிட்ட அதைக் காட்டுங்க. மடங்கின தகரத்தைக் காட்டி இதுதான்னு சொல்லிடுங்க. அவங்க நிறுத்திப் பாக்கப் போறதில்ல."

"அவள் நிறுத்திப் பார்ப்பாள், தம்பி" என்றேன்.

எலக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டியபோது எஸ்தர் அழைத்தாள். செய்தித்தாளில் சுற்றிய தகரம் மடியில் இருந்தது. ஏரியின் நாற்றம் தாங்காமல் பக்கத்து இருக்கைக்காரர் முன்னமே இடம் மாறிவிட்டிருந்தார். பெயர் கிடைத்தது, இடம் கிடைக்கவில்லை என்று சொன்னேன். நடந்ததை ஒன்றும் மறைக்கவில்லை.

"அப்போ அந்தப் பொதுக்குழியிலதான் இருப்பாரு" என்றாள். "அதை எங்க தோண்டறாங்கன்னு கேட்டீங்களா மாமா?"

நான் கேட்கவில்லை. ஒரு பெயரைத் தேடிப் போனவனுக்கு அந்தக் கேள்வி தோன்றவேயில்லை.

"திங்கக்கெழமை யாராவது அங்க நிக்கணும் இல்ல?" என்றாள்.

கிருஷ்ணகிரி வரைக்கும் வாங்கிய சீட்டு சட்டைப்பையில் இருந்தது. அத்திப்பள்ளியில் இறங்கினேன். மழை விட்டிருந்தது. தகரத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சாலையைக் கடந்து, பெங்களூர் செல்லும் பேருந்துகள் நிற்கும் பக்கத்தில் போய் நின்றேன்.