ஏறாத பஸ்

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ஐந்தாவதோடு நின்றவன். பிழைகளைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்ல வராததால்தான் எழுதுகிறேன்.

எண்பத்திரண்டில் ராஜபாளையத்தில் அக்கா வீட்டில் இருந்தேன். அக்கா புருஷன் மதுரை போகும் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு லேத் பட்டறையில் எனக்கு எடுபிடி வேலை கிடைத்தது. அன்று அத்தான் சோற்றைப் பிசைந்துகொண்டே அக்காவிடம் சொன்னார்:

"உன் தம்பி மூணு மாசம் தாங்க மாட்டான். எங்க பஸ்ஸுலயே தூங்கி மதுரைக்குப் போயிருவான்."

அதற்கு முன் இரண்டு வேலையை விட்டவன் நான். மறுநாள் ஒரு பழைய சைக்கிள் வாங்கினேன். அவர் பஸ்ஸில் ஏறுவதில்லை என்று முடிவு செய்தேன்.

ஒரு வருஷம் ஒரு நாள்கூடப் பிந்தாமல் வந்தால் லேத் ஓட்ட நிறுத்துவதாகப் பட்டறை முதலாளி சொல்லியிருந்தார். அதுவரை லேத்தில் சீவி விழும் இரும்புச் சுருளை அள்ள வேண்டும். லேத் ஓட்ட வேண்டும், அது ஒன்றுதான் எனக்கு ஆசை. ஆனி ஆடியில் திரும்பி வரும்போது எதிர்காற்று சைக்கிளைத் தள்ளும். பஸ் கடக்கும்போதெல்லாம் அத்தான் படியில் தொங்கியபடி என்னைப் பார்த்து விசில் அடிப்பார்.

பதினோரு மாசம் ஓடியது. ஒரு காலையில் பாதி வழியில் டயர் வெடித்தது. பின்னாலேயே அவர் பஸ் வந்து நின்றது.

"ஏறு மாப்ள. சைக்கிளை மேல போடச் சொல்லுதேன். டிக்கெட் வேண்டாம்."

உள்ளே யாரோ சிரித்தார்கள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பஸ் போய்விட்டது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டே ஓடினேன். அரை மணி நேரம் பிந்திவிட்டது.

முதலாளி திட்டவில்லை. "இன்னைக்கு ஒண்ணு. இதுல இருந்து எண்ணிக்கோ" என்றார்.

மறுபடி முதல் நாளிலிருந்து ஒரு வருஷம் எண்ணினேன். அடுத்த வருஷம் லேத்தில் நின்றேன்.

இப்போது கல்யாண வீடுகளில் இளவட்டங்களைக் கூட்டி வைத்துக்கொண்டு அத்தான் என்னைக் கைகாட்டுவார். "நான் அன்னைக்கு ஏசலேன்னா இவன் உருப்பட்டிருப்பானா? ரோசம் வேணும்லே."

பந்தியிலிருந்து பாதியில் எழுந்து வந்திருக்கிறேன். வேலைக்கு நேரத்தில் போனது நான். மழையில் மிதித்தது நான். அவர் ஏற்றிவிட்ட ரோசம் எனக்குக் கொடுத்தது ஒன்றுதான்: ஏற வேண்டிய பஸ்ஸில் ஏறாமல் பதினோரு மாசத்தைத் தொலைத்தேன். அந்த மடத்தனம் என்னுடையது. அதை ஒத்துக்கொள்கிறேன். மீதியில் அவருக்குப் பங்கு கிடையாது.

12-10-1997, ஞாயிறு.