ஏப்ரல் முதல் நாள் வந்த லாரி

1943ஆம் ஆண்டு, ஏப்ரல் முதல் தேதி. மலாயாவில், கெடா மாநிலத்து மெர்போக் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் நடந்தது இது. ஜப்பான்காரன் வந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. என் வயிற்றில் தலைச்சன் பிள்ளை, ஏழு மாதம். தோட்டத்துச் சின்ன ஆஸ்பத்திரியில் தரை கழுவுவதும் கட்டுத்துணி துவைப்பதும் என் வேலை.

அங்கே மருந்து கொடுத்தவர் பினாங்கில் இங்கிலீஷ் படித்த ஒரு டிரெஸ்ஸர். முப்பது வயது இருக்கும், தனிக்கட்டை. ஏப்ரல் முதல் நாள் என்றால் அடுத்தவரை முட்டாளாக்கிச் சிரிக்கிற நாள் என்று எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கே அவர் சொல்லித்தான் தெரியும். ஒரு வருடம், ரப்பர் ஆலைக்குப் பின்னால் யானை குட்டி போட்டிருக்கிறது என்று சொல்லிப் பாதிப் பேரை ஓடவிட்டார். இன்னொரு வருடம், மீசை வைத்தவர்களுக்கெல்லாம் ஊசி போடச் சொல்லி வெள்ளைக்காரத் துரை உத்தரவு என்றார். சாயங்காலத்துக்குள் நாலைந்து பேர் மீசையை மழித்துவிட்டார்கள். துரை இருந்த காலத்துச் சிரிப்பு அதெல்லாம்.

ஜப்பான்காரன் வந்ததும் டிரெஸ்ஸருடைய சிரிப்பு நின்றுபோனது. ஆஸ்பத்திரியில் போதிய மருந்து இல்லை. அரிசியைக் கண்ணால் பார்த்து மாதக்கணக்காகிவிட்டது. காலையிலும் மரவள்ளிக்கிழங்கு, ராத்திரியும் மரவள்ளிக்கிழங்கு. சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. ஆனால் யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. ஆட்களை மேற்பார்க்கிற பெரிய கங்காணி காதில் விழுந்தால் ஜப்பான்காரனிடம் காட்டிக்கொடுத்துவிடுவார் என்று பயம்.

ஏப்ரல் ஒன்றுக்கு முந்தின நாள் மத்தியானம் கையில் ஜப்பான் எழுத்துப் பட்டை கட்டிய தமிழ் ஆள் ஒருவர் சைக்கிளில் வந்தார். நாளைக்குச் சுங்கைப் பட்டாணி டவுனில் ஆம்பிளைகளுக்கு இலவசமாகப் படம் காட்டப்போகிறார்கள், படம் பார்க்கிற ஒவ்வொருவருக்கும் அரிசி உண்டு, கோயில் திடலுக்கு லாரி வரும் என்று கங்காணியிடம் சொல்லிவிட்டுப் போனார். அப்போது நான் ஆஸ்பத்திரி வாசலைக் கழுவிக்கொண்டிருந்தேன். டிரெஸ்ஸர் எட்டிப் பார்த்து, "யாரு தங்கச்சி அந்த ஆளு?" என்று என்னைத்தான் கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். உடனே உள்ளே போய்விட்டார்.

மறுநாள் லயமே கல்யாண வீடு மாதிரி இருந்தது. என் வீட்டுக்காரர் கிழியாத ஒரே சட்டையைத் துவைத்துப் போட்டுக்கொண்டார். "அரிசி வாங்கிட்டு வந்து உனக்குக் கஞ்சி காச்சித் தரேன் பாரு" என்றார். எனக்கும் ஆசைதான். சோற்று வாசனையை நினைத்தாலே வாய் ஊறியது.

மத்தியானம் ஆம்பிளைகள் எல்லாரும் திடலில் கூடி நின்றார்கள். ஆஸ்பத்திரிக்குள் டிரெஸ்ஸர் இங்கும் அங்கும் நடந்துகொண்டிருந்தார். திடீரென்று சட்டையைச் சரிசெய்துகொண்டு வெளியே போனார். நானும் வாசலுக்கு வந்தேன்.

திடல் நடுவில் போய் நின்று கைதட்டிச் சிரித்தார் மனிதர்.

"ஏமாந்தீங்களா! இன்னைக்கு என்ன நாளு? ஏப்ரல் ஒண்ணு! சைக்கிள்ல வந்தவன் என் கூட்டாளி. பட்டை கட்டி அனுப்பினதே நான்தான். படமும் இல்ல, அரிசியும் இல்ல. வீட்டுக்குப் போங்க!"

எல்லாரும் கத்தினார்கள் பாருங்கள், அப்படி ஒரு ஆத்திரம். பசித்த வயிற்றோடு விளையாடுவதா? என் வீட்டுக்காரர் பாய்ந்து போய் அவர் சட்டையைப் பிடித்து, எல்லார் முன்னாலும் ஓங்கி ஓர் அறை விட்டார். டிரெஸ்ஸர் கன்னத்தைத் தடவிக்கொண்டு அதற்கும் சிரித்தார். பெரிய கங்காணி என்ன செய்வதென்று தெரியாமல் விழித்தார். திட்டிக்கொண்டே எல்லாரும் கலைந்து போனார்கள்.

எனக்கு மட்டும் ஒன்று உறுத்தியது. அனுப்பியவர் இவரென்றால், யார் அந்த ஆள் என்று நேற்று ஏன் என்னைக் கேட்டார்? அவர் திரும்பி வந்ததும் அதையே கேட்டேன்.

கதவைச் சாத்திவிட்டு மெதுவாகச் சொன்னார். "போன வாரம் மருந்து வாங்கப் போனேன்ல, ஸ்டேஷன்ல கூட்ஸ் வண்டி நின்னுச்சு. உள்ள முழுக்க நம்ம ஆளுங்க. பலகை இடுக்கு வழியா ஒருத்தன் தண்ணி கேட்டான். படம் காட்டுறேன்னு கூட்டியாந்து அடைச்சிட்டாங்களாம். சயாமுக்குப் போற வண்டி அது. இதை வெளிய சொன்னா கங்காணி என்னையும் விடமாட்டாரு, கேட்டவங்களையும் விடமாட்டாரு. தங்கச்சி, நீ வாயத் தொறக்காதே."

வீட்டுக்கு ஓடினேன். லயத்துக்குப் பின்னால் கிழங்குத் தோட்டத்தில் என் வீட்டுக்காரரும் இன்னும் பலரும் டிரெஸ்ஸரைத் திட்டியபடி மண்ணைக் கொத்திக்கொண்டிருந்தார்கள். சொல்லலாமா வேண்டாமா என்று தவித்தேன். அந்தக் கூட்டத்தில் கங்காணிக்கு வேண்டியவர்களும் இருந்தார்கள். வாயை மூடிக்கொண்டு என் வீட்டுக்காரர் பக்கத்தில் போய் நின்றேன்.

அப்போதுதான் லாரி சத்தம் கேட்டது.

"ஏய், லாரி வருதுடா! நெசம்தான் போல!" என்று ஒருவர் கத்தினார். மண்வெட்டியைப் போட்டுவிட்டு எல்லாரும் ஓடத் தயாரானார்கள். என் வீட்டுக்காரர் சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு கிளம்பினார். கையைப் பிடித்தேன், உதறினார். எனக்கு வேறு வழி தெரியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு மண்ணில் விழுந்து, "ஐயோ, வலிக்குதே! அம்மா, என்னமோ ஆகுதே!" என்று உயிர் போகிற மாதிரி அலறினேன்.

அவர் அப்படியே திரும்பினார். மற்றவர்களும் நின்றுவிட்டார்கள். "ஏழாம் மாசத்துல வலியா?" என்று பதறிப்போனார்கள். "ஆஸ்பத்திரிக்குத் தூக்கு" என்றார் ஒருவர். ஆஸ்பத்திரி திடலுக்குப் பக்கத்தில்! "வேணாம், ஆத்துப் பக்கம் இருக்கிற மருத்துவச்சிகிட்ட கூட்டிட்டுப் போங்க" என்று கத்தினேன். பலகை ஒன்றில் படுக்கவைத்து, ஆள் மாற்றி ஆள் தோள்கொடுத்து, ரப்பர் மரங்களுக்குள் என்னைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். போகிற வழியெல்லாம் நான் அழுதேன். அந்த அழுகை நடிப்பு இல்லை. ரொம்ப தூரம் போன பிறகுதான் இறக்கச் சொல்லி உண்மையைச் சொன்னேன். ஒருவர் முகத்திலும் ரத்தம் இல்லை. இருட்டும்வரை அங்கேயே மரத்தடியில் உட்கார்ந்திருந்தோம்.

திடலில் நடந்ததை ஆஸ்பத்திரியில் சமைக்கிற அக்கா பிறகு சொன்னார். லாரியிலிருந்து துப்பாக்கியோடு சிப்பாய்கள் இறங்கினார்களாம். கூடவே அந்தப் பட்டை கட்டிய ஆளும். ஆம்பிளைகள் எங்கே என்று கேட்க, கங்காணி டிரெஸ்ஸரைக் கைகாட்டிவிட்டார். சிப்பாய் அவர் காதோடு சேர்த்து அறைந்தான். டிரெஸ்ஸர் சிரித்தார். இன்னோர் அறை. இன்னும் பெரிதாகச் சிரித்தார். சிப்பாயைக் குனிந்து கும்பிட்டார், லாரிச் சக்கரத்தைக் கும்பிட்டார், அங்கே படுத்திருந்த நாயைக் கும்பிட்டார். கடைசியில் பட்டை கட்டிய ஆள், "ஓராங் கீலா" என்று சொல்லித் தலைக்குப் பக்கத்தில் விரலைச் சுற்றிக் காட்டினாராம். பைத்தியக்காரனைக் கொண்டுபோய் என்ன செய்வது என்று விட்டுவிட்டார்கள். லயத்தில் இரண்டு கிழவர்கள் மட்டும் அகப்பட்டார்கள். அவர்களும் வேண்டாமென்று லாரி பக்கத்துத் தோட்டத்துக்குத் திரும்பியது.

அங்கே ஆம்பிளைகள் காத்துக்கொண்டிருந்தார்கள். ஏறிப் போனார்கள். போனவர்களில் ரொம்பக் கொஞ்சம் பேர்தான் சண்டை முடிந்து திரும்பினார்கள். எங்களுக்குப் பதில் அவர்களா என்று இன்றும் என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

இருட்டிய பிறகு என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரிக்குப் போய் டிரெஸ்ஸர் முன்னால் நின்றார். அழுதுவிட்டார். காதில் பஞ்சு வைத்திருந்த டிரெஸ்ஸர், "தம்பி, நீ அடிச்ச அடியிலதான் கங்காணியே நம்பினாரு. இந்தப் பக்கமா வந்து பேசு, அந்தக் காது கேக்கல" என்றார்.

அந்தக் காது பிறகு கேட்கவே இல்லை. அதைவிடக் கொடுமை, அவர் பைத்தியம் என்று நம்பிப் போனவர்களை ஏமாற்ற, ஜப்பான்காரன் போகும்வரை அவர் பைத்தியமாகவே இருக்க வேண்டியிருந்தது. லாரி சத்தம் கேட்டால் போதும், கையில் இருக்கிற மருந்தை வைத்துவிட்டு வாசலுக்கு வந்து சிரிப்பார். உள்ளே திரும்பும்போது வேர்த்துக் கொட்டியிருக்கும். நான் ஒரு துண்டை நீட்டுவேன். துடைத்துக்கொண்டு மறுபடி மருந்தை எடுப்பார்.

ஜூனில் எனக்கு மகன் பிறந்தான். அவனை அவன் அப்பாவே தூக்கி வளர்த்தார். எங்கள் லயத்துப் பிள்ளைகள் பல பேருக்கு அந்தக் கொடுப்பினை கிடைத்தது, ஒரு மனிதர் எல்லார் வசவையும் வாங்கிக்கொண்டதால். இப்போதும் யாராவது என்னை ஏமாற்றிவிட்டதாக நினைத்து எனக்குக் கோபம் வந்தால், வாய் திறக்கும் முன் ஏமாற்றிய அந்த ஆளின் முகத்தை ஒரு நிமிடம் நன்றாகப் பார்த்துக்கொள்கிறேன். எதற்காக அந்தப் பொய்யைச் சொன்னார் என்பது எனக்குத் தெரியாமல் இருக்கலாம் அல்லவா.