தனா தேய்த்த கண்ணாடி

தனாவின் மகள் கைப்பேசியில் அழைத்தபோது நான் உட்லண்ட்ஸில் பேருந்தைவிட்டு இறங்கிக்கொண்டிருந்தேன். ஒரு மணி நேரத்துக்கு முன்புதான் தனாவே பேசியிருந்தாள். "தலை பாரமா இருக்கு மேகலா, பாதியிலேயே வீட்டுக்கு வந்துட்டேன். நீயே வந்து காரை எடுத்துக்கோ." அதற்காகத்தான் போய்க்கொண்டிருந்தேன்.

"ஆன்ட்டி, அம்மா போயிட்டாங்க," என்றாள் மகள்.

"எங்கம்மா போயிட்டாங்க?" என்று கேட்டேன். அந்தப் பிள்ளை அழத் தொடங்கிய பிறகுதான் எனக்குப் புரிந்தது.

தேக்காவில் அவளோடு தேநீர் குடித்த டாக்சி ஓட்டுநர்களாகிய உங்கள் எல்லோருக்கும் தனலட்சுமியைத் தெரியும். அவளோடு ஒரே டாக்சியை ஆளுக்குப் பாதி நாள் ஓட்டியவள் நான். ஆனாலும் அவளோடு உட்கார்ந்து பேச உங்களுக்குக் கிடைத்த நேரம் எனக்குக் கிடைத்ததில்லை. அவள் ஓட்டும்போது நான் வீட்டில் இருப்பேன். நான் ஓட்டும்போது அவள் தூங்கிக்கொண்டிருப்பாள். பிற்பகலில் சுவா சூ காங்கில், நான் குடியிருக்கும் அடுக்குமாடி புளோக்கின் கார் நிறுத்துமிடத்தில் சாவி கைமாறும். அந்தச் சில நிமிடங்கள்தான் எங்கள் நட்பு.

அந்த நேரத்திலும் அவள் கை சும்மா இருக்காது. எங்களுக்கு முன்னால் அந்த வண்டியை ஓட்டியவர் ஜன்னலில் ஏதோ தாளை ஒட்டிவிட்டுப் போயிருந்தார். தாள் உரிந்தும் பசை போகவில்லை. நான் பிளேடை எடுத்துக்கொண்டு போனேன். தனா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "காஞ்ச கண்ணாடில பிளேடு வைக்காதே லா. பசை போயிடும், கோடு நின்னுடும்." சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்து அதன்மேல் போட்டு ஊறவிட்டாள். பிறகு பிளேடைப் படுக்கைவாட்டில் பிடித்து மெல்லத் தள்ளினாள். பசை சுருள் சுருளாக வந்தது.

வாரந்தோறும் அவள் ஒரு சீன மூதாட்டியை மருத்துவமனைக்குக் கூட்டிப்போவாள். சிகிச்சை முடிந்து திரும்பும்போது அந்த அம்மாவுக்கு உட்காரத் தெம்பிருக்காது. ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொள்வார். அவர் கூந்தலில் குத்தியிருந்த கல் வைத்த கொண்டை ஊசி கண்ணாடியில் உரசி உரசி, வெயில் பட்டால் தெரிகிற மெல்லிய கீறல்கள் விழுந்திருந்தன.

"அவங்ககிட்ட சொல்லக் கூடாதா?" என்று கேட்டேன்.

"சொன்னா அடுத்த தடவையிலேர்ந்து சாய மாட்டாங்க. வீடு வரைக்கும் கஷ்டப்பட்டு நிமிந்தே உக்காந்திருப்பாங்க. கீறல்தானே, தேச்சுக்கலாம்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவருமாகத் தேய்த்தோம். முதலில் தனா நகத்தைக் கீறலின் குறுக்கே ஓட்டிப் பார்த்தாள். நகம் மாட்டவில்லை. மாட்டினால் ஆழமான கீறல், அதைத் தொடக் கூடாது என்றாள். கண்ணாடிக்கென்று விற்கும் பாலிஷ் பொடியைத் தயிர்ப் பதத்தில் கரைத்து, கம்பளித் துணியில் தொட்டுச் சின்னச் சின்ன வட்டமாகத் தேய்த்தாள். நான் அவ்வப்போது தண்ணீர் தெளித்தேன். கண்ணாடி சூடாகிறதா என்று உள்ளங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரே இடத்தில் அதிகமாகத் தேய்த்துவிட்டால் வெளியே தெரிவதெல்லாம் தண்ணீருக்குள் பார்ப்பதுபோல் நெளியுமாம்.

துடைத்து முடித்ததும், "பின்னால ஏறு. வண்டி ஓடும்போது நெளியுதான்னு பாத்துச் சொல்லு," என்றாள்.

அத்தனை வருடத்தில் நாங்கள் இருவரும் ஒன்றாக அந்த வண்டியில் ஏறியது அன்றுதான். "எங்க போகணும், மேடம்?" என்று கேட்டாள். கிராஞ்சி பக்கம் போகச் சொன்னேன். செடிப் பண்ணைகளும் வேலிகளும் அந்தக் கண்ணாடி வழியே நேராக, நெளியாமல் போயின. "நல்லா இருக்கு," என்றேன். அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. ஓரமாக நிறுத்திவிட்டுத் தானே பின்னால் வந்து உட்கார்ந்தாள். நான் ஓட்டினேன்.

"ஒரு நாள் ரெண்டு பேரும் லீவு போட்டு மலாக்கா போகலாம், மேகலா. பஸ்ல. ஓட்டறவன் ஓட்டட்டும். நாம ஜன்னலோரமா உக்காந்து வேடிக்கை பாக்கலாம்."

"போகலாம்," என்றேன். திரும்பிப் பார்த்தேன். தூங்கியிருந்தாள். எழுப்ப மனமில்லாமல் அதே சாலைகளில் சுற்றிச் சுற்றி ஓட்டினேன். மலாக்காவுக்குப் போக ஒரே நாளில் இருவருக்கும் விடுமுறை அமையவே இல்லை.

அவளுடைய பொருள் என்று என்னிடம் எதுவும் இல்லை. கண்ணாடி வழியே ஊரைப் பார்த்தபடி அவள் தூங்கிப்போன அந்த ஒரு பயணத்தைத்தான் வைத்திருக்கிறேன். காரியங்கள் முடிந்ததும் அவள் மகளிடம் சாவியை வாங்கிக்கொண்டு கீழே இறங்கி, வண்டியின் கதவைத் திறந்தேன். தனா குள்ளம். இருக்கையை ஸ்டியரிங்கை ஒட்டி இழுத்துவைத்துத்தான் ஓட்டுவாள். தினமும் முணுமுணுத்துக்கொண்டே அதைப் பின்னுக்குத் தள்ளுவதுதான் என் முதல் வேலை. அன்று தள்ளவில்லை. முழங்கால் இடிக்க இடிக்க, சுவா சூ காங் வரை அப்படியே ஓட்டி வந்தேன்.