கப்பல் பார்க்காத பனியன்

ஹாம்பர்க் நகரில் கைவீசி நடந்த அந்த ஐந்து மணி நேரத்தில், ஒரு தடவையாவது என் மகளை நினைத்தேனா? இன்றுவரை எனக்கே தெரியவில்லை.

ஐந்து வருடத்துக்கு முன்பு, தொண்ணூறுகளின் தொடக்கம். நெருப்பெரிச்சல் என்ற எங்கள் ஊரில் எங்கள் பனியன் கம்பெனி அப்போதுதான் ஏற்றுமதியில் கால் வைத்திருந்தது. ஜெர்மனிக்கு ஆர்டர் பேசப் போன கணவர், எனக்கு ஆங்கிலம் வரும் என்பதால் என்னையும் அழைத்துப் போனார். நான்கு வயது மகள் மாமியாரிடம் இருந்தாள். புறப்படும்போது தன் மஞ்சள் பனியனைக் கழற்றி என் கையில் திணித்தாள்.

“இதுக்குக் கப்பல் காட்டோணும். கையிலயே வெச்சுக்கோணும்.”

“ஊரே பனியன் தைக்குது. அதுல ஒண்ணு கப்பல் பாக்கப் போகுதாக்கும்!” என்று மாமியார் சிரித்தார். நான் அவள் தலையில் கைவைத்துச் சரி என்றேன்.

ஹாம்பர்க்கில் காலையிலேயே பேச்சு முடிந்துவிட்டது. ரயில் மாலையில்தான். ஸ்டேஷனில் காசு போட்டுப் பூட்டும் இரும்பு அலமாரிகள் இருந்தன. சாம்பிள் பெட்டிகளை உள்ளே வைத்த கணவர் என் தோள்பையைப் பார்த்தார்.

“அதையும் போட்டுரு. கல்லாட்டம் கனக்குது.”

“இல்லீங்க, பாப்பா பனியன் இருக்குது...”

“அது எங்க ஓடிப் போகுது?”

பனியனை மட்டும் கையில் எடுத்திருக்கலாம். கைக்குட்டை அளவுதான். எடுக்கவில்லை.

இடுப்பில் குழந்தையோ கையில் பையோ இல்லாமல் நான் தெருவில் நடந்து நான்கு வருடமாகியிருந்தது. கால்வாயோரம் செங்கல் கிடங்குகள், அவற்றின் உச்சியில் மூட்டை தூக்கும் கப்பிகள். பிறகு படகில் துறைமுகத்தைச் சுற்றினோம். “தூத்துக்குடியில ஏத்தற நம்ம பெட்டியும் இப்படித்தான் வந்து எறங்குமாட்ட இருக்குது” என்றார் கணவர். முந்தானை பறக்க, இரண்டு கைகளையும் விரித்துச் சிரித்தேன். அவர் படம் எடுத்தார்.

மாலையில் அலமாரியைத் திறந்ததும் பையின் வாயில் மஞ்சள் துணி தெரிந்தது. துறைமுகத்துக்குத் திரும்பிப் போக நேரமில்லை.

ஊர் திரும்பியதும் மகள் வீட்டு வாசலிலேயே கேட்டாள். “கப்பலப் பாத்துச்சா?”

“பாத்துச்சு கண்ணு.”

இப்போது அவளுக்கு ஒன்பது வயது. பத்தாமல் போன அந்தப் பனியனை மடித்து வைத்து, வருகிறவர்களிடமெல்லாம் “கப்பல் பாத்த பனியன்” என்று காட்டுகிறாள். போன வாரம், “பனியனோட நீங்க நிக்கற போட்டோ வேணுமுங்கம்மா, பள்ளிக்கூடத்துல காட்டோணும்” என்றாள். வெறும் கைகளை விரித்து நான் சிரிக்கும் அந்தப் படம் பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் இருக்கிறது. தேடிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

அதை எடுத்துக் கொடுத்து உண்மையைச் சொல்லிவிடவா, தொலைந்துவிட்டது என்று இன்னொரு பொய் சொல்லவா? பிள்ளைகளிடம் இப்படி மாட்டிக்கொண்டவர்கள் யாராவது இருந்தால், எனக்கு ஒரு வழி சொல்லுங்கள். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் கிளம்பும்போது மறுபடியும் கேட்பாள்.