இரண்டு வண்டி மண்

போன வெள்ளிக்கிழமை காலை. தை பிறந்து நாலைந்து நாள் ஆகியிருக்கும். செவ்வாய்ப்பேட்டையில் நான் வாங்கியிருக்கும் பழைய வீட்டுக்குக் குடிவந்து இரண்டே நாள். வாசலில் கட்டிய மாவிலை இன்னும் வாடவில்லை.

வீட்டை எனக்கு விற்ற நூல் வியாபாரி இராமலிங்கமும், அவர் மனைவி அலமேலு அம்மாளும் வாசலில் வந்து நின்றார்கள். அந்த அம்மாள் கையில் ஒரு பித்தளைச் செம்பு, ஒரு மஞ்சள் துணி, மடித்து வைத்த ஒரு பாவாடை. பதினான்கு வயதுப் பெண் கட்டுகிற அளவு.

புது வீட்டுக்குச் சீர் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். எனக்கு இரண்டும் பையன்களாயிற்றே, பாவாடை யாருக்கு? நான் சிரித்துக்கொண்டே "வாங்க, வாங்க" என்று எழுந்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது.

கொஞ்சம் பின்னால் போய்ச் சொன்னால்தான் விளங்கும்.

சேலத்தில் பன்னிரண்டு வருஷமாக ஹைஸ்கூல் வாத்தியார் வேலை. பன்னிரண்டு வருஷமும் வாடகை வீடு. ஊரில் – சங்ககிரிக்குப் பக்கத்தில் – கிணறும் தோட்டமும் இருக்கிறது. தம்பி சின்னச்சாமி பார்த்துக்கொள்கிறான். பட்டணத்தில் மட்டும் எனக்கென்று ஒரு சுவர் கிடையாது. நம் சுவரில் நாமே ஆணி அடிக்க வேண்டும் என்ற ஆசை இருக்கிறதே... வாடகைக்கு இருக்கிற வாசகர்களுக்கு அதை நான் விளக்க வேண்டியதில்லை.

செவ்வாய்ப்பேட்டை உங்களுக்குத் தெரியும். ஒரு காலத்தில் தெருவுக்குத் தெரு வியாபாரிகள் வீடு. தேக்குத் தூண், செதுக்கிய கதவு, உள்ளே மூன்று கட்டு. இப்போது? எங்கள் தெருவில் மட்டும் மூன்று வீடு மண்டியாகிவிட்டது. ஒரு வீட்டுக் கூடத்தில் பஸ் டயர்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள். கரண்ட் கம்பி வந்தாயிற்று. பழைய குடும்பங்கள் ஒவ்வொன்றாக விற்றுவிட்டுப் போகின்றன. வக்கீல்களும் பஸ் முதலாளிகளும் என்னைப் போன்ற காட்டுக்காரர்களும் – காடு என்றால் எங்கள் பக்கத்தில் விளைநிலம் – வாங்கிக்கொண்டு வருகிறோம்.

இராமலிங்கத்துக்கு வியாபாரம் நொடித்துப்போயிற்று. வீட்டை விற்றால்தான் மரியாதையாகத் தலை நிமிர்ந்து நடக்கலாம் என்ற நிலை. நல்ல மனிதர். "வில்லங்கம் எதும் இல்லீங்க வாத்தியாரே. கண்ண மூடிட்டு வாங்கலாமுங்க" என்றார்.

நான் கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிற ஆளா? வில்லங்க சர்டிபிகேட் எடுத்தேன். வக்கீல் நண்பரிடம் காட்டினேன். மூலப் பத்திரத்தை வரி வரியாகப் படித்தேன். சுவரைத் தட்டிப் பார்த்தேன், கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பார்த்தேன். எல்லாம் சரி.

இரண்டாம் கட்டில் ஒரு இருட்டு அறை. அதன் மூலையில் தரையோடு ஒட்டி ஒரு சின்ன மாடம். விளக்குக் கரி படிந்திருந்தது. மேலே சுவரில் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்திருந்த தடம்.

"ஏனுங்க, இது என்ன மாடம்?" என்று என் மனைவி செல்லம்மாள் கேட்டாள்.

"விளக்கு வெக்கறதா இருக்கும்" என்றேன். பழைய வீடு என்றால் நாலு மாடம் இருக்காதா?

கார்த்திகையில் ரிஜிஸ்டர் ஆயிற்று. சாவியைக் கொடுக்கும்போது இராமலிங்கம், "தை பொறந்ததும் ஒருக்கா வந்துட்டுப் போறமுங்க" என்றார். புதுமனை புகுவிழாவுக்கு வருவதாகச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். அவசியம் வாருங்கள் என்று உபசாரமும் செய்தேன்.

மார்கழி நெருங்கியது. மார்கழியில் நம்மில் யார் வீடு மாறுவார்கள்? புது வேலை தொடங்கவும் கூடாது. அதற்கு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். கார்த்திகைக் கடைசி நாளில் கொத்தனார் மாரிமுத்துவை வரவழைத்து, தரையிலிருந்து ஒரே ஒரு கல்லைப் பெயர்க்கச் சொன்னேன். வேலை கார்த்திகையிலேயே தொடங்கியாயிற்று. மார்கழியில் நடப்பது பாக்கி வேலைதானே? இந்தச் சாமர்த்தியத்தைப் பள்ளிக்கூடத்தில் நாலு பேரிடம் சொல்லிப் பெருமை வேறு பட்டுக்கொண்டேன்.

இருட்டு அறைச் சுவரில் ஜன்னல் வைத்தோம். மாடத்தை அடைத்து வெள்ளையடித்தோம். தரையை ஒரு முழம் தோண்டி, ஜல்லி கொட்டி, காவி கலந்து சிமெண்ட் போட்டோம். கண்ணாடி மாதிரி தரை.

தோண்டிய மண்ணைக் கையில் அள்ளிப் பார்த்தேன். நூறு வருஷத்து மண். கறுப்பாக, பொலபொலவென்று, உப்புப் பூத்து... காட்டில் பிறந்தவன் இதைத் தெருவில் கொட்ட விடுவானா? பழைய வீட்டு மண்ணை விட நல்ல எரு ஏது? சந்தைக்கு நிலக்கடலை கொண்டுவந்துவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பிக்கொண்டிருந்த எங்கள் ஊர்க்காரர்களைப் பிடித்தேன். இரண்டு வண்டி மண்ணும் ஊருக்குப் போய்விட்டது. ராகி நடவுக்கு இருந்த பாத்திகளில் சின்னச்சாமி கொட்டிப் பரப்பிவிட்டான்.

இப்போது போன வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன்.

அலமேலு அம்மாள் யாரிடமும் கேட்காமல், பழகிய காலோடு நேரே இரண்டாம் கட்டுக்குப் போனார். பின்னாலேயே போனோம். அந்த அறை வாசலில் அப்படியே நின்றுவிட்டார். புது ஜன்னல் வெளிச்சத்தில் தரை பளபளவென்று இருந்தது. மூலையில் வெறும் வெள்ளைச் சுவர்.

"ஏனுங்க... இங்க இருந்த மண்ணு?"

இராமலிங்கம் தூணைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார். பிறகுதான் விஷயம் வெளியே வந்தது.

அவர்களுக்குக் காமாட்சி என்று ஒரே மகள். பதினான்கு வயதில், இந்த அறையிலேயே, காய்ச்சலில் போய்விட்டாள். கல்யாணமாகாமல் இறந்த பெண்ணை அந்த வீட்டின் கன்னித் தெய்வமாக வைத்துக் கும்பிடுவது நமக்குத் தெரிந்ததுதான். பதினைந்து வருஷமாக அந்த மூலைதான் காமாட்சி. தினமும் விளக்கு. தை மாதம் ஒரு புதுப் பாவாடை. வீடு மாறினால் தெய்வத்தை விட்டுவிட்டுப் போக முடியாது. அந்த இடத்து மண்ணை ஒரு பிடி எடுத்து, பேர் சொல்லி அழைத்துக்கொண்டு போய்ப் புது இடத்தில் வைக்க வேண்டும். பிடிமண் என்பார்கள். குடிபோன கையோடு மார்கழி பிறந்துவிட்டதால், அதற்குத் தை பிறக்கட்டும் என்று காத்திருந்திருக்கிறார்கள்.

எந்த மார்கழிக்குப் பயந்து அவர்கள் மகளைத் தொடாமல் விட்டுப் போனார்களோ, அதே மார்கழியில்தான் என் கொத்தனார் கடப்பாறையைப் போட்டிருக்கிறார்.

"முன்னாலயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. தப்புச் செய்தவன் குரல்தானே முதலில் உயரும்.

"கன்னி இருக்கற ஊடுன்னா ஆருங்க வாங்குவாங்க?" என்றார் இராமலிங்கம். "நீங்களும் வேண்டாம்னு போயிட்டா... எனக்கு வேற கதி இல்லீங்களே."

அலமேலு அம்மாள் இதையெல்லாம் கேட்டதாகவே தெரியவில்லை. மூலையில் உட்கார்ந்து சிமெண்ட் மேல் உள்ளங்கையை வைத்தார்.

"ஜில்லுனு இருக்குதுங்க" என்றார். அவ்வளவுதான். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு எவ்வளவோ தேவலாம்.

"மண்ண எங்கீங்க கொட்டுனீங்க?"

உங்கள் மகளை எருவாகப் போட்டுவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? எங்கேயோ ஆட்கள் கொட்டிவிட்டார்கள் என்று ஒரு பொய் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதற்குள் செல்லம்மாள் முந்திக்கொண்டாள்.

"எங்க காட்டுல போட்டிருக்குதுங்கம்மா. ராகிப் பாத்தியில. நாளானிக்கு ஞாயித்துக்கெழம, நானே உங்களக் கூட்டிட்டுப் போறேன். வாங்க."

வீடு வாங்கப் போகிற வாசகர்களுக்கு இந்த இடத்தில் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். சர்டிபிகேட் பாருங்கள், பத்திரம் படியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் விற்கிறவருடைய மனைவியிடமும் ஒரு பத்து நிமிஷம் பேசுங்கள். ரிஜிஸ்டர் ஆபீஸுக்கு அவர்களை யாரும் அழைத்துப் போவதில்லை. நானும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நாலு பேரும் பஸ் ஏறிச் சங்ககிரியில் இறங்கினோம். அங்கிருந்து வண்டி. அந்த அம்மாள் மடியில் செம்பும் பாவாடையும்.

கிணற்று மேட்டில் சின்னச்சாமி நின்றிருந்தான். அவனைத் தனியாக அழைத்து விஷயத்தைச் சொன்னேன். அவன் முகம் மாறியது. காலில் இருந்த செருப்பைக் கழற்றி வரப்புக்கு அந்தப் பக்கம் தள்ளி வைத்தான். என் தம்பி அப்படியொன்றும் சாமி கும்பிடுகிற ஆள் இல்லை.

"இந்த மூணு பாத்திதானுங்கம்மா" என்று காட்டினான். "மண்ணோட மண்ணாக் கலந்து போச்சுங்க. இன்ன எடம்னு என்னால சொல்ல முடியாதுங்க. மன்னிச்சுக்கோணும்."

ராகி நாற்று வேர் பிடித்து, பச்சைப் பசேலென்று நின்றது. மற்றப் பாத்திகளை விட அந்த மூன்றும் ஒரு விரற்கடை உயரம். நான் அதைக் கவனித்தேன்... கவனித்ததற்காக என் மேலேயே வெறுப்பு வந்தது.

இராமலிங்கம் வரப்பில் மஞ்சள் துணியை விரித்தார். "ஒரு பிடி எடு அலமேலு. கூப்புட்டு எடு" என்றார்.

அந்த அம்மாள் எடுக்கவில்லை. மூன்று பாத்தியையும் வரப்பு மேலேயே ஒரு சுற்று நடந்து வந்தார். வெயில் நன்றாக ஏறியிருந்தது. கிணற்றடியிலிருந்து காற்று வந்து நாற்றெல்லாம் அசைந்தது.

"வயசுக்கு வந்ததுல இருந்து வாசப்படி தாண்ட உட்டதில்லீங்க" என்றார் எங்களைப் பார்த்து. "தெருவுல தேரு போச்சுன்னாக் கூட கதவுச் சந்துல நின்னுதான் பாப்பா. செத்தும் பதினஞ்சு வருசம் அந்த இருட்டுக்குள்ளயே வெச்சிருந்தமுங்க. இப்ப வாடக ஊட்டுக்குத் தூக்கிட்டுப் போயி, அங்கயும் ஒரு மூலையில வெக்கறதுங்களா?"

"அதுக்காக..." என்று ஆரம்பித்தார் இராமலிங்கம்.

"வேண்டாமுங்க. இங்கியே இருக்கட்டும். எம்புள்ளைக்குக் கொஞ்சம் காத்து படட்டும்."

கணவரும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் மஞ்சள் துணியை மெதுவாக மடித்தார். மடித்து முடிக்கிற வரைக்கும் தாங்கிக்கொண்டிருந்தவர், பிறகு துண்டை வாயில் பொத்திக்கொண்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

செம்புத் தண்ணீரை மூன்று பாத்திக்கும் பகிர்ந்து ஊற்றினார் அந்த அம்மாள். பாவாடையைச் செல்லம்மாள் கையில் கொடுத்தார். வருஷா வருஷம் தையில் இங்கே வந்துவிட்டுப் போகலாமா என்று என்னிடம் அனுமதி கேட்டார். என்னிடம்! தலையை மட்டும் ஆட்டினேன்.

கிளம்பும்போது சின்னச்சாமி தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தான்.

"அம்மா, ஒண்ணு கேக்கோணுமுங்க. இந்தப் பாத்திய அறுக்கலாமுங்களா? இல்ல, அப்படியே உட்டுறட்டுங்களா?"

அந்த அம்மாள் திரும்பி நாற்றைப் பார்த்தார்.

"அறுத்துத் தின்னுங்க சாமி. ஆருக்கும் ஒரு வாய்ச் சோறு ஆக்கிப் போடாமயே போயிட்டா எம்புள்ள. இதாச்சும் அவ போட்டதா இருக்கட்டும்."

அறுப்புக்கு இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல் இருக்கிறது. அந்த ராகியில் களி கிண்டித் தட்டில் வைத்தால் எனக்கு வாயில் இறங்குமா? தெரியவில்லை. செல்லம்மாளிடம் சொன்னேன்.

"எறங்காட்டியும் திங்கோணுமுங்க" என்றாள்.