ஒரு நாள் தாமதமாக இறந்த அப்பா

பேப்பர் ஆபீசில் அவரை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'வருத்தம்' என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். மூன்றாம் பக்கத்தில், வானிலைக்குக் கீழே, தீப்பெட்டி அளவில் ஒரு கட்டம் வரும்: 'தவறுக்கு வருந்துகிறோம்.' அந்தக் கட்டம் அவருடைய ராஜ்யம். அன்றைய பேப்பரில் யார் எங்கே சறுக்கினார்கள் என்று சிவப்புப் பேனாவோடு தேடிப் பிடித்து, மறுநாளே ஊருக்குச் சொல்லிவிடுவார்.

அவர் படியேறும் சத்தம் கேட்டாலே விளையாட்டுச் செய்தி மேசையிலிருந்து, "வருத்தம் வந்தாச்சுப்பா!" என்று ஒரு குரல் வரும். குரலுக்குரியவர் பயப்படக் காரணம் இருந்தது. தோற்ற அணியை ஜெயித்ததாக எழுதி, கோப்பையையும் கையில் கொடுத்து அனுப்பியவர் அவர். புகைப்படக்காரர் ஒருமுறை படத்தை இடம் வலம் மாற்றி அச்சேற்றிவிட, ஊரறிந்த டாக்டர் ஒருவர் இடது கையால் ஆபரேஷன் செய்தார். அதற்கும் கட்டத்தில் வருந்தியாயிற்று. முதலாளியின் முப்பதாவது திருமண நாள் செய்தியில் இருபத்தொன்பது என்று வந்துவிட்டது. முதலாளியே இறங்கி வந்து, "ஒரு வருஷம் தள்ளுபடி கிடைச்சிருக்கு, விடுய்யா" என்று கெஞ்சிப் பார்த்தார். வருத்தம் மசியவில்லை. மறுநாள் முழு முப்பதையும் அவர் தலையில் கட்டிவிட்டார்.

என்ன நேர்மை, என்ன நேர்மை என்று வெளியாட்கள் சொல்வார்கள். உள்ளே இருப்பவர்கள் வேறு வார்த்தை சொல்வார்கள், அதை இங்கே எழுத முடியாது. ஆனால் இரண்டு கட்சிக்குமே தெரியாத விஷயம் ஒன்று உண்டு. இந்த மனிதர் செய்த மிகப் பெரிய தவறு இருபத்தைந்து வருஷமாகத் திருத்தப்படாமல், கண்ணாடி போட்டு, அவருடைய அம்மா வீட்டுச் சுவரிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

அதைப் புரிந்துகொள்ள, பேப்பர் ஆபீஸ் பழக்கம் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே மதியச் சாப்பாடு முடிந்ததும் நாளை பிறந்துவிடும். எழுதுவதெல்லாம் மறுநாள் காலை படிக்கப் போகிறவர்களுக்கு. அதனால் பக்கத்தின் தலையில் நாளைய தேதி, திருத்திய பிரதியின் கீழே போடும் கையெழுத்துக்கும் நாளைய தேதி. சில வருஷம் இதிலேயே ஊறிவிட்டால் மூளையும் ஒரு நாள் முன்னால் ஓடும். நிருபர் ஒருவர் மனைவியின் பிறந்த நாளை வருஷா வருஷம் ஒரு நாள் முன்னதாகவே கொண்டாடி, ஆசைக்காரப் புருஷன் என்று பேர் வாங்கியிருந்தார்.

வருத்தத்தின் அப்பா பஸ் டிப்போவில் நேரக் காப்பாளர். வேலையில் இருந்த காலம் முழுக்க ஒரு பஸ்ஸைக்கூட நேரத்துக்கு அனுப்பியதில்லை என்பது குடும்பப் பெருமை. அவர் ஆஸ்பத்திரியில் போனது பதினொன்றாம் தேதி, மாலை நான்கு மணிக்கு. அப்போது வருத்தம் கீழே கேன்டீனில் டீ வாங்கிக்கொண்டிருந்தார். மேலே வந்தபோது அம்மா மட்டும் கட்டிலோரம் உட்கார்ந்திருந்தாள். ஐந்தரைக்கு அவர் ஆபீசுக்கு ஓடினார். ஆறு மணிக்குள் கொடுத்தால்தான் மரண அறிவிப்பு மறுநாள் பேப்பரில் வரும். "நீ உட்காரு, நான் எழுதறேன்" என்றார் அப்போதைய தலைமை உதவி ஆசிரியர். "எங்கப்பா சார். நான்தான் எழுதுவேன்" என்றார் இவர். பெரிய சூரன் அல்லவா.

நன்றாகத்தான் எழுதினார். அப்பாவின் வயசு, வேலை, விட்டுச்சென்ற மனைவி, மகள், மகன் எல்லாம் சரி. தேதிக்கு வந்தபோது, தினமும் நாளைய தேதியையே எழுதியெழுதிப் பழகிய கையில் 12 தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. பிழை திருத்தும் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருந்த பெண் அதைக் கையில் வாங்கினாள். மூக்கைச் சிந்திக்கொண்டே படித்தாள், கண்ணீரில் எழுத்தே தெரியவில்லை, அப்படியே அனுப்பிவிட்டாள். அன்புதான் காரணம். யாரையும் குறை சொல்ல முடியாது.

மறுநாள் காலை ஆறு மணிக்கு வீட்டு வாசலில் பேப்பர் விழுந்தது. கூடத்தில் அப்பா படுத்திருக்கிறார். சுற்றிலும் சொந்தக்காரர்கள். வருத்தம் பழக்கதோஷத்தில் பேப்பரைப் பிரித்தார். பன்னிரண்டாம் தேதி மாலை நான்கு மணிக்குக் காலமானார் என்று பன்னிரண்டாம் தேதி காலை ஆறு மணிக்கு வந்த பேப்பர் சொன்னது. பேப்பர் கணக்குப்படி அப்பாவுக்கு இன்னும் பத்து மணி நேரம் ஆயுசு பாக்கி இருந்தது. வந்தவர்கள் எல்லோரும் அதைப் படித்தார்கள், "அழகா எழுதியிருக்கே" என்று முதுகில் தட்டிக் கொடுத்தார்கள். ஒருத்தருக்காவது உறைக்க வேண்டுமே!

காரியம் முடியட்டும், சொல்லலாம் என்று நினைத்தார். அதற்குள் அக்கா அந்தத் துண்டை வெட்டிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டாள். அக்கா தலைமையாசிரியை. அவள் மாட்டியதை யாரும் கழற்ற முடியாது. அப்பாவுக்கு முடியவில்லை என்று மட்டும் கேட்டு வெளியூரிலிருந்து ரயிலேறிய அவள் வந்து சேர்ந்ததே பன்னிரண்டாம் தேதி இரவு என்பதால், அவளுக்கு அதுதான் அப்பா போன நாள். அடுத்த வருஷம் முதல் பன்னிரண்டாம் தேதி மாலை சரியாக நான்கு மணிக்குக் குடும்பமே அம்மா வீட்டுக் கூடத்தில் எழுந்து நின்றது. கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி அக்கா ஒரு நிமிஷ மௌனம் அறிவிப்பாள். ஆயுசில் ஒரு நிமிஷம் வாயை மூடியிராத மனிதருக்கு மௌன அஞ்சலி.

இரண்டு வருஷம் கழித்துத்தான் வருத்தம் பேப்பர் ஆசிரியரிடம் போய், தவறுகளை ஒப்புக்கொள்ள ஒரு கட்டம் வேண்டும் என்று கேட்டு வாங்கினார். தன்னால் சொல்ல முடியாததற்குப் பதிலாக அடுத்தவன் தவறையெல்லாம் சொல்லித் தீர்த்துக்கொண்டிருந்தார் என்பதுதான் உண்மை. கோழை. அவருக்கே அது தெரியும். ஒவ்வொரு வருஷமும் பதினொன்றாம் தேதி மட்டும் காய்ச்சல் என்று லீவு போட்டுவிட்டு, வீட்டில் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார். அம்மா வீடு இருபது நிமிஷ நடை. அன்றைக்கு அந்தப் பக்கமே போகமாட்டார். அம்மா முகத்தைப் பார்த்தால் உளறிவிடுவோம் என்ற பயம்.

இந்த வருஷம் இரண்டு பக்கமும் இடி. பேப்பருக்கு ஐம்பது வயசு. பொன்விழா மலருக்குப் பழையவர்கள் ஆளுக்கொரு கட்டுரை எழுத வேண்டும் என்றார் ஆசிரியர். புகைப்படக்காரருக்கு 'என் மறக்க முடியாத படம்.' வருத்தத்துக்கு 'நான் செய்த தவறு.'

"எங்க எல்லார் மானத்தையும் வாங்கினீங்க இல்ல? இப்ப உங்க மானத்தைக் கொஞ்சம் பார்க்கலாம்" என்றார் ஆசிரியர். மேசைகள் தட்டப்பட்டன.

அதே வாரம் அக்கா போனில் வந்தாள். "டேய், அப்பாவுக்கு இருபத்தஞ்சாவது வருஷம். கால் பக்கத்துக்கு நினைவு அஞ்சலி விளம்பரம் கொடுத்திருக்கேன். பன்னிரண்டாம் தேதி வரணும். தேதியெல்லாம் நீயே பார்த்துச் சரி பண்ணிக் கையெழுத்துப் போடு. உங்க ஆளுங்களை நான் நம்பமாட்டேன்."

அன்று இரவே எழுத உட்கார்ந்தார். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் எழுதிவிட்டார். டீ, பன்னிரண்டு, சட்டம், மௌனம், காய்ச்சல். படித்துப் பார்த்தபோது கண்ணில் நீர் வந்தது. நன்றாக வந்திருக்கிறதே என்று கொஞ்சம் கர்வமும் வந்தது. எழுதுகிறவன் புத்தி வேறெப்படி இருக்கும்? மலரின் பக்கம் பதினொன்றாம் தேதி மாலை ஆறு மணிக்கு முடிகிறது. அதனால் இந்த வருஷம் காய்ச்சலும் கிடையாது. அச்சில் வருவதற்கு முன் அம்மாவிடம் நேரில் சொல்லிவிட வேண்டும். எழுபத்தெட்டு வயசுப் பெண்மணி, தன் புருஷன் இறந்த நாள் பொய் என்பதைப் பேப்பரில் படித்துத் தெரிந்துகொள்ளக் கூடாது. அவள் உடைந்துபோனால் என்ன செய்வது என்பதைத்தான் அவரால் யோசிக்க முடியவில்லை.

பதினொன்றாம் தேதி மூன்றரைக்குக் கிளம்பி, மூன்று ஐம்பதுக்குக் கதவைத் தட்டினார். திறக்க நேரமாயிற்று. திறந்த அம்மாவின் முகத்தில் வரவேற்பு துளிகூட இல்லை.

"இன்னைக்கு எதுக்குடா வந்தே? நாளைக்குத்தானே?"

"ஒரு விஷயம் சொல்லணும்மா."

"நாளைக்குச் சொல்லக் கூடாதா?"

அவளைத் தாண்டி உள்ளே பார்த்தார். சாப்பாட்டு மேசை துடைத்துச் சுத்தமாக இருந்தது. எதிரெதிராக இரண்டு நாற்காலி. நடுவில் சீட்டுக்கட்டு. இரண்டு பக்கமும் பதிமூன்று பதிமூன்றாகச் சீட்டு போட்டிருந்தது. ஒரு பக்கத்தில் அப்பாவின் மூக்குக் கண்ணாடி.

வருத்தம் மனப்பாடம் செய்துகொண்டு வந்ததை நின்றபடியே ஒப்பித்தார். "அம்மா, அப்பா போனது பன்னிரண்டு இல்ல. பதினொண்ணு. இன்னைக்குத்தான். நான்தான் தப்பா எழுதிட்டேன்."

"தெரியும். கதவைச் சாத்து."

"தெரியுமா?"

"பக்கத்துல உட்கார்ந்திருந்தவளுக்குத் தெரியாம, பேப்பர்காரனுக்கா தெரியும்? நாங்க ரெண்டு பேரும் தினம் நாலு மணிக்கு ரம்மி ஆடுவோமே, ஆஸ்பத்திரியிலயும் விடலை. நீ டீ வாங்கப் போனப்ப ஆடிட்டிருந்தோம். என் கையில அருமையான சீட்டு. இன்னும் ஒண்ணு வந்தா ஜெயிச்சிருப்பேன். அது தெரிஞ்சேதான் போயிட்டாரு, ஏமாத்துக்காரர்."

சொல்லும்போது சிரித்தாள். சிரிப்பு முடிகிற இடத்தில் உதடு கோணியது. முந்தானையால் ஒருமுறை துடைத்துக்கொண்டாள்.

"அப்புறம் ஏம்மா யார்கிட்டயும் சொல்லலை?"

"முதல்ல உன் மூஞ்சியைப் பார்த்துப் பாவமா இருந்துச்சு. தப்புப் பண்ணின பூனை மாதிரி திரிஞ்சே. அப்புறம் யோசிச்சேன். நாளைக்கு நீங்க எல்லாரும் வருவீங்க. உங்க அக்கா சோபாவைத் தட்டுவா, என்னை உட்கார்னு சொல்லுவா, எழுந்திருன்னு சொல்லுவா. வரட்டும், அது உங்க நாள். இன்னைக்கு யாருக்கும் தெரியாது. எனக்கும் அவருக்கும் மட்டும். ரெண்டு கையும் நானே ஆடுவேன். அவருக்காக நானே ஏமாத்துவேன். நாளைக்கு மௌனம்னு உங்க அக்கா கடிகாரத்தைப் பார்ப்பா இல்ல, அப்ப நான் கண்ணை மூடி, நேத்து எந்தச் சீட்டை விட்டிருக்கக் கூடாதுன்னு யோசிச்சிட்டிருப்பேன்."

வருத்தம் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். இருபத்து நான்கு வருஷம், இருபது நிமிஷ நடை தூரத்தில், அவர் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்த அதே நேரத்தில் இங்கே ஆட்டம் நடந்திருக்கிறது. தனியாக. அதை நினைத்தபோது தன் மேலேயே அவருக்கு ஆத்திரமாக வந்தது.

"மலர்ல எழுதிட்டேம்மா. ஆறு மணிக்குப் பக்கம் முடியுது."

"எழுதினா உங்க அக்கா அடுத்த வருஷம் இன்னைக்கே ரயிலேறி வந்து நிப்பா" என்றாள் அம்மா. குரலில் முதல்முறையாகக் கெஞ்சல் இருந்தது. "எனக்குன்னு இருக்கிறது இந்த ஒரு நாள்தாண்டா."

வருத்தம் சரியென்று தலையை ஆட்டினார். அம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"மணியாச்சு. வந்தது வந்துட்டே, அவர் சீட்டை எடு. ஆனா நேர்மையா ஆடாதே, எனக்குப் பிடிக்காது."

அவர் ஆடினார். மூன்றாவது சுற்றில், அம்மா ஜன்னல் பக்கம் திரும்பியபோது, கீழே போட்ட சீட்டுகளிலிருந்து ஒன்றை உருவி நடுவில் செருகிக்கொண்டார். அம்மா திரும்பாமலே, "அவர் இதைவிட நல்லாப் பண்ணுவாரு" என்றாள். திருடியும் தோற்றார்.

ஐந்தரைக்கு ஆபீசில் ஆசிரியர் முன்னால் நின்று, கட்டுரையைத் திருப்பிக் கேட்டார்.

"என்னய்யா, அப்ப நீங்க தப்பே பண்ணலைங்கிறீங்களா?"

"பண்ணினேன் சார். ஆனா வருந்தறதுக்கு ஒண்ணுமில்ல."

ஆசிரியர் வாயைப் பிளந்தார். விளையாட்டு மேசை மொத்தமாக எழுந்து நின்று பார்த்தது. காலியான இடத்துக்கு முதலாளியின் திருமண நாள் கதையை இருபது நிமிஷத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு, தன் மேசைக்கு வந்தார். அங்கே அக்காவின் விளம்பரப் பிரதியோடு பிழை திருத்தும் அம்மாள் காத்திருந்தார். அன்றைக்கு மூக்கைச் சிந்திக்கொண்டே படித்த அதே பெண்தான். இப்போது தலை நரைத்து, அடுத்த வருஷம் ஓய்வு பெறப் போகிறார்.

"மூணு தடவை படிச்சுட்டேன் சார். நீங்களும் தேதியை ஒருமுறை பார்த்துடுங்க."

அப்பாவின் படத்துக்குக் கீழே, மறைந்த நாள் என்ற இடத்தில் 12 என்று தடிமனாக இருந்தது. வருத்தம் சிவப்புப் பேனாவைத் திறந்தார். அந்த எண்ணின் மேல் பேனா கொஞ்ச நேரம் நின்றது. பிறகு கீழே இறங்கி, 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கையெழுத்துக்குக் கீழே 11 என்று தேதி போட்டார்.

அம்மாள் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "சார், நாளைத் தேதியைத்தானே போடணும்?"

"தெரியும்மா" என்றார் வருத்தம். "இன்னைக்குப் பதினொண்ணு."