விசில் வேணி வந்த வழி

திருவல்லிக்கேணிப் பெரிய மசூதிக்குப் பின்னால் ஒரு சந்தில் ஜுவேரியாவின் வீடு. தி.நகர் புடவைக் கடைகளுக்குப் பை டிசைன் போட்டுக் கொடுப்பவள் என்றுதான் அக்கம்பக்கத்தில் அவளைத் தெரியும். விசில் வேணியை வரைந்தவளும் அவள்தான் என்பது மகள் ரூஹிக்கே சமீபத்தில்தான் தெரிந்தது.

விசில் வேணி ஒரு படக்கதை நாயகி. மாநகரப் பேருந்தில் கண்டக்டர். அநியாயம் நடக்கும் இடத்தில் அவள் ஒரு விசில் கொடுத்தால் ஓடுகிற திருடன், பாய்கிற லாரி, சரிகிற சுவர் எல்லாம் அப்படியே நின்றுவிடும். இரண்டு விசில் கொடுத்தால் மறுபடி நகரும். நடுவில் அவள் செய்வதுதான் கதை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஆறு இதழ்கள் வந்து, சத்தமில்லாமல் நின்றுபோனது.

கதை எழுதியவள் ஜானு, மயிலாப்பூர்க்காரி. இருவரும் கல்லூரியில் ஒரே பெஞ்சு. ஒருநாள் நெரிசலான பேருந்தில் ஒருவன் ஜானுவை இடித்துக்கொண்டே வந்தான். திரும்பி முறைத்தும் நகரவில்லை. லஸ் முனையில் இறங்கியதும் அவள் ஜுவேரியாவிடம் பொரிந்தாள்.

"கண்டக்டர் பார்த்துண்டேதான் இருந்தார்டி. ஒரு விசில் ஊதி நிறுத்தியிருக்கப்படாதோ?"

"அவரு ஊத மாட்டாரு. நம்மளே ஒரு கண்டக்டரம்மாவ போட்டுக்கலாம்" என்றாள் ஜுவேரியா.

அன்று மாலையே காக்கிச் சட்டையும் இறுக்கிய பின்னலும் தோளில் தோல் பையுமாக வேணி பிறந்துவிட்டாள்.

ஜுவேரியாவின் அண்ணன் ஷரஃபுதீன் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் சின்ன பிரஸ் வைத்திருந்தார். படங்களைப் புரட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, பொம்பள கண்டக்டரா? எங்க கீறாங்க?"

"இப்ப இல்லன்னா இன்னா பாய்ஜான், வருவாங்க."

"ஆடி மாசம் மெஷின் சும்மாதான் கீது. அடிச்சுக்க."

அதனால் விசில் வேணி ஆடியிலும் மார்கழியிலும் மட்டும் வெளிவந்தது. முகூர்த்தம் இல்லாத மாதங்கள்தான் அதன் மாதங்கள். மையும் பத்திரிகைகளுக்கு வாங்கி மிச்சமானதுதான். கறுப்போடு கூட ஒரே ஒரு நிறம். முதல் இதழில் வேணியின் சட்டை கத்திரிப்பூ நிறம், அடுத்ததில் கிளிப்பச்சை, அதற்கடுத்து மஞ்சள். சட்டை ஏன் மாறுகிறது என்று வாசகர்கள் கேட்கத் தொடங்கியதும் ஜானு அசரவில்லை. பேருந்தில் இருப்பவர்களின் மனநிலைக்கு ஏற்ப நிறம் மாறும் சட்டை என்று ஒரு கதையே எழுதிவிட்டாள். அந்த இதழ்தான் அதிகம் விற்றது.

விற்றவர் லஸ் முனையில் கடை வைத்திருந்த சுப்பராமன். வாரப் பத்திரிகைகளுக்கு நடுவே கயிற்றில் கிளிப் போட்டு வேணியைத் தொங்கவிட்டார். முதல் இதழ் வந்த அன்று ஜுவேரியாவும் ஜானுவும் எதிர்ச்சாரியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். காய்கறிப் பையோடு வந்த ஓர் அம்மாள் அதை எடுத்து, நின்றபடியே கடைசிப் பக்கம் வரை படித்தார். பிறகு காசு கொடுத்து வாங்கி, கீரைக்கட்டுக்கு அடியில் செருகிக்கொண்டு போனார். ஜானு ஜுவேரியாவின் கையைக் கிள்ளியே விட்டாள்.

ஆறாவது இதழுக்குப் பிறகு தேனாம்பேட்டையில் ஒரு வாரப் பத்திரிகை அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. வாராவாரம், முழு வண்ணத்தில் போடுகிறோம் என்றார்கள். ஆனால் வேணிக்கு ஒரு போலீஸ் காதலன் வேண்டும். கடைசியில் அவன் அவளைக் காப்பாற்றுவான். அவள் விசிலைக் கழற்றி வைத்துவிட்டு அவனைக் கல்யாணம் செய்துகொள்வாள்.

வெளியே வந்ததும் ஜானு சொன்னாள்: "கல்யாணம் பண்ணிண்டா என்னடி தப்பு? லட்சம் பேர் படிப்பாடி."

"பண்ணிக்கட்டும். விசில ஏன் புடுங்குறாங்க?"

"உனக்கு எல்லாத்துலயும் பிடிவாதம்."

"உனக்கு கல்யாணம்னா வேணிக்கும் கல்யாணமா?"

ஜானுவுக்கு அப்போதுதான் நிச்சயமாகியிருந்தது. அவள் வந்து நின்ற பேருந்தில் ஏறிவிட்டாள். தொடர் வரவே இல்லை. கல்யாணத்துக்கு ஜுவேரியா போனாள். இருவரும் புகைப்படத்துக்குச் சிரித்தார்கள், பேசிக்கொள்ளவில்லை. ஜானு நாக்பூர் போய்விட்டாள்.

அடுத்த ஆடியில் ஷரஃபுதீன் கேட்டார்: "இன்னாம்மா, வேணி இல்லியா?" ஜுவேரியா உட்கார்ந்து வரைந்தாள். வேணி ஓடினாள், குதித்தாள், ஆனால் அவள் வாயில் ஒரு வார்த்தை வரவில்லை. தாள்களைச் சுருட்டிப் பரணில் போட்டாள். அப்புறம் அவளுக்கும் கல்யாணம், ரூஹி, பை டிசைன் வேலை என்று காலம் போய்விட்டது.

போன வருடம் அடையாறில் சிறிய பதிப்பகம் நடத்தும் வர்ஷினி தேடிக்கொண்டு வந்தாள். அவளுடைய அம்மா ஆறு இதழ்களையும் சேர்த்துத் தைத்து வைத்திருந்தாராம். எல்லாவற்றையும் ஒரே புத்தகமாகப் போட அவளுக்கு ஆசை.

"எழுதினவங்க சம்மதமும் வேணும் மேடம். விசாரிச்சேன், திருவான்மியூர்ல இருக்காங்க."

"இங்கியேவா கீறா?" என்றாள் ஜுவேரியா. எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்துதான் ஜானுவின் போன் நம்பரை வாங்கிக்கொண்டாள்.

"ஜானு, நான் ஜுவேரியா."

"வேணி சட்டை இப்ப என்ன கலர்டி?" என்று கேட்டது மறுமுனையில் அந்தப் பழைய குரல்.

மறுநாளே திருவான்மியூர் போனாள். இருவருக்கும் தலை நரைத்திருந்தது. பழைய சண்டையைப் பற்றி யாரும் பேசவில்லை. ஜானு ஒன்று மட்டும் சொன்னாள்.

"நாக்பூர்ல என் பொண்ணுக்குத் தினம் வேணி கதைதான் சொல்லிண்டிருந்தேன். புதுசு புதுசா. ஒண்ணுலகூட அவளுக்குக் கல்யாணம் ஆகலைடி."

ஜுவேரியா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துடைத்ததை மறைக்கவும் இல்லை.

புத்தகம் இந்தத் தை மாதம் வந்துவிட்டது. சுமாராகப் போகிறது என்கிறாள் வர்ஷினி. அது ஜுவேரியாவுக்குப் போதும். இப்போது புதன்கிழமைதோறும் அவள் திருவான்மியூருக்குப் பேருந்து ஏறுகிறாள். ஏழாவது இதழ் வேலை நடக்கிறது.

"வேணிக்கு வயசு என்ன போடறது?"

"நம்ம வயசுதான்."

"அப்போ முட்டி வலி?"

"அதுவும்தான். ரெண்டு முட்டிலயும்."

ஜானு சிரித்துக்கொண்டே எழுதத் தொடங்கினாள். ஜுவேரியா முதல் கட்டத்தை வரைந்தாள். அதில் வேணி கம்பியைப் பிடித்துக்கொண்டு பேருந்துப் படியில் மெதுவாக ஏறுகிறாள்.